வண்டி எவ்வளவு உட்காருகிறது? டெல்டா சாலைக்கு பைக் சஸ்பென்ஷனை அளந்து சரிசெய்யும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் மலை ஏற்றமும் கிடையாது, கொண்டை ஊசி வளைவும் கிடையாது. இருந்தும் பின் ஷாக் அப்சார்பரும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீலும் இங்கே சீக்கிரம் போய்விடுகின்றன. முதல் காரணம் சிறுபாலங்கள். காவிரியும் வெண்ணாறும் கிளை கிளையாகப் பிரிந்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு பாலம் வந்துவிடுகிறது. பாலம் கான்கிரீட், அசையாது. அதன் இரு பக்கமும் களிமண் மேல் போட்ட சாலை, மழைக்கு மழை கொஞ்சம் இறங்கும். பாலம் தொடங்கும் இடத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு படி உண்டாகிவிடும். சக்கரம் அதில் மோதும்போது சஸ்பென்ஷனுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் மிகச் சிறு பங்குதான். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது மெஷின் சக்கரத்திலிருந்து சாலையில் விழுந்து காய்ந்த சேற்றுக் கட்டியும் இதே வேலையைச் செய்யும். இதோடு நெல் மூட்டை, உர மூட்டை, புல்லுக்கட்டு.

வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். பின் ஷாக்கின் வளையத்தைக் கடைசிப் படிக்குத் திருகி, "டைட் வெச்சாச்சு" என்று அனுப்பிவிடுவார்கள். பல நேரம் வலி அதனால் கூடவே செய்யும். ஏன் கூடும் என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் டேப்பும் ஸ்பானரும் கொண்டு வீட்டு வாசலில் செய்துகொள்ளக்கூடிய வேலை.

டைட் வைத்தால் என்ன ஆகிறது

ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ இருக்கும் படிக்கட்டு வளையத்தைத் திருகுவது பிரிலோடு. ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை. கணக்காகப் பாருங்கள்: ஒரு ஸ்பிரிங் ஒரு மி.மீ. அமுங்க 2 கிலோ கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 60 கிலோ ஏறினால் 30 மி.மீ. இறங்கும். அதை 10 மி.மீ. முன்னமுக்கி வைத்தால் முதல் 20 கிலோவுக்கு அது அசையாது. மிச்சம் 40 கிலோவுக்கு 20 மி.மீ. இறங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மி.மீ.க்கும் அதே 2 கிலோதான். ஆக வண்டி 10 மி.மீ. உயர்ந்து நிற்கிறது, ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்.

தனி ஆள் ஓட்டும் வண்டியில் கடைசிப் படி வைத்தால் சக்கரம் கீழே இறங்க இடம் இருக்காது. பள்ளம் வந்ததும் சக்கரம் இறங்காமல் வண்டியே விழும். பாலத்தின் படியில் ஏறி இறங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு "டக்" என்று தட்டும். சஸ்பென்ஷன் என்பது அமுங்க மட்டும் அல்ல, நீளவும் வேண்டும். சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தப் பயண நீளத்தில் எந்த இடத்தில் வண்டி நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு பதில் சொல்வது வண்டி உட்காரும் அளவு; மெக்கானிக்குகள் சேக் என்பார்கள்.

அளப்பதற்கு முன்னால்

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். நிறுவனம் சொல்லும் அளவு செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையான ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். தனி ஆளுக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று. பெட்ரோல் பங்கில் கண்ணளவில் அடித்த 40 பிஎஸ்ஐ முன் டயரில் இருந்தால் எந்த ஷாக்கும் கைகொடுக்காது. சஸ்பென்ஷன் கோளாறு என்று வருகிறவற்றில் கணிசமானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். இரண்டு ஃபோர்க் காலையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் "டொக்" என்று கைக்குத் தெரிந்தால் கோன் லூஸ். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு குழியில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால் பால் ரேஸ் தேய்ந்துவிட்டது; டைட் வைத்துப் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும். இந்த "டொக்"கை ஃபோர்க் கோளாறு என்று நினைத்து ஃபோர்க்கைப் பிரிப்பது அடிக்கடி நடக்கிற வீண் செலவு.

பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் சக்கர பேரிங்கிலா, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷிலா என்று ஸ்விங் ஆர்மைத் தனியாகப் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். ஷாக்கின் மேல், கீழ் ரப்பர் புஷ் நசுங்கி ஓவலாகியிருந்தால் அதையும் முதலில் மாற்றுங்கள். இவை சரியில்லாமல் எடுக்கும் அளவு எதுவும் நம்பத்தக்கதல்ல.

டேப்பை எடுத்து அளப்பது

தேவை இவ்வளவே: மி.மீ. உள்ள டேப், ஒட்டுநாடா, பேனா, ஒரு கேபிள் டை, உதவிக்கு இரண்டு பேர்.

பின்பக்கம் முதலில். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் தொங்கும். ஆக்ஸில் நட்டின் நடுவிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே உள்ள பாகத்தில் ஒட்டுநாடா ஒட்டி ஒரு கோடு போடுங்கள். நடுவிலிருந்து கோடு வரை அளந்து எழுதுங்கள். 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

ஸ்டாண்டை எடுத்து, ஒருவர் ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்தட்டும். சீட்டை அமுக்கி மெதுவாக விடுங்கள், நின்ற இடத்தில் அளவெடுங்கள். பிறகு பின்பக்கத்தைத் தூக்கி மெதுவாக இறக்கி இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாக வராது, உள்ளே உராய்வு இருப்பதால் சில மி.மீ. வித்தியாசம் இருக்கும். சராசரியை எடுங்கள். 488 வந்தால் வண்டி தன் எடையில் 12 மி.மீ. உட்காருகிறது. அமுக்கி எடுத்த அளவுக்கும் தூக்கி எடுத்த அளவுக்கும் வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் போனால் ஷாக் ராடு வளைந்திருக்கிறதா, புஷ் காய்ந்து பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது ஓட்டுகிறவர் ஏறி, வழக்கமாக உட்காரும் இடத்தில் இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைக்கட்டும். ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே மாதிரி அமுக்கி ஓர் அளவு, தூக்கி ஓர் அளவு. 473, 479 வந்தால் சராசரி 476. ஆளோடு 24 மி.மீ. உட்காருகிறது.

இது போதுமா, கூடவா? சாலை வண்டிக்கு, சக்கரத்தின் மொத்தப் பயணத்தில் 25 முதல் 33 சதவீதம் ஆளோடு உட்கார்ந்தால் சரி. மேலே சொன்ன வண்டிக்குப் பின்பயணம் 85 மி.மீ. என்றால் 24 என்பது 28 சதவீதம். நல்ல இடம், கை வைக்க வேண்டாம். பயணம் நீளமான வண்டிக்கு எண்ணும் பெரிதாகும். எக்ஸ்பல்ஸ் 200ல் முன்னால் 190, பின்னால் 170 மி.மீ.; ஹிமாலயன் 411ல் முன்னால் 200, பின்னால் 180. ஹிமாலயன் பின்னால் 45 முதல் 60 மி.மீ. உட்கார்ந்தால் அது தளர்ச்சி அல்ல, அதற்கு அப்படித்தான் இருக்க வேண்டும். கம்யூட்டர் எனப்படும் தினசரி வண்டியின் எண்ணை மனதில் வைத்து அதை டைட் பண்ணிவிடாதீர்கள்.

முன்பக்கம் இன்னும் சுலபம். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் கேபிள் டையைக் கட்டி, தூசி சீல் வரை கீழே தள்ளுங்கள். ஆள் ஏறி மெதுவாக உட்கார்ந்து, துள்ளாமல் இறங்கட்டும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, சீலுக்கும் டைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். கம்யூட்டரில் 30 முதல் 40 மி.மீ. வரை நல்லது. டையை அப்படியே விட்டு இரண்டு நாள் ஓட்டினால், ஃபோர்க் அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். மோசமான பாலத்தில்கூட அடியில் ஒன்றிரண்டு விரல் மிச்சமிருந்தால் நல்லது. தினமும் அடியில் போய் முட்டினால் ஆயிலோ ஸ்பிரிங்கோ போதவில்லை.

ஒரு சூட்சுமம் உண்டு, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வது. ஆளோடு உட்காரும் அளவைச் சரியாக்கிய பிறகு வண்டி தன் எடையில் உட்காருவதே இல்லை, முழுக்க நீண்டே நிற்கிறது என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. அதை ஈடுகட்டத்தான் பிரிலோடு அதிகமாகிவிட்டது. மாறாக, ஆளோடு சரியாக இருக்கிறது, ஆனால் வெறும் வண்டியே நிறைய உட்காருகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கடினம்.

படி மாற்றுவது, சுமை ஏற்றுவது

ஸ்பிளெண்டர் போன்ற இரட்டை ஷாக் வண்டிகளில் 5 படி உண்டு, பின்னால் ஒற்றை ஷாக் உள்ள மோனோ ஷாக்கில் பெரும்பாலும் 5 முதல் 7. டூல் கிட்டில் வளைந்த மூக்கோடு இருக்கும் சி ஸ்பானர் இதற்குத்தான். உளியும் சுத்தியலும் வைத்து அடித்தால் வளையத்தின் பல் உடையும், தெறித்த மண் ஷாக் ராடில் கோடு போடும். முதலில் தண்ணீர் ஊற்றி வளையத்தில் இறுகிய சேற்றைக் கரையுங்கள், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்த பிறகு திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே படி. ஒன்று இரண்டாம் படி, இன்னொன்று மூன்று என்றிருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டே ஓடும், புஷ் ஒரு பக்கம் தேயும்.

மேலே எடுத்துக்கொண்ட வண்டியில் பின்னால் இன்னொருவர் ஏறினால் 42 மி.மீ. இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். பயணத்தில் பாதி நின்ற இடத்திலேயே தீர்ந்துபோனது. இரண்டு படி கூட்டி 34க்குக் கொண்டுவந்தால் 40 சதவீதம். இருவர் போகும்போது அது போதும். திரும்பத் தனியாக ஓட்டுகிற நாளில் படியை இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சனை வராது.

மூட்டை விஷயம் வேறு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் மூட்டை 40 கிலோ. சாதாரண கம்யூட்டர் தாங்கக்கூடிய மொத்தச் சுமை சுமார் 130 கிலோ, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் ஓட்டுபவரும் சேர்த்தி. 65 கிலோ ஆள், ஒரு மூட்டை என்றால் 105. கடைசிப் படியில் வைத்து மெதுவாகப் போகலாம். இரண்டு மூட்டை என்றால் 145. இதைச் சரிக்கட்ட எந்தப் படியும் இல்லை. எல்லா எடையும் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் விழுவதால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும், முன் பிரேக் பிடிமானம் குறையும். மூட்டையை எவ்வளவு முன்னால், எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அப்படி வைத்து, இரண்டு நடையாகப் போவது ஷாக்குக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

சுமைக்காக ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் வளையம் செருகுவது இங்கே பரவலாக இருக்கிறது. செய்யாதீர்கள். ரப்பர் இருக்கும் இடத்தில் சுற்று அமுங்காது, மற்ற சுற்றுகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும். ஸ்பிரிங் திடீரென்று கடினமாகிவிடும், அது நீளும் வேகத்தை உள்ளே இருக்கும் ஆயிலால் பிடிக்க முடியாது. பாலத்தின் படியில் பின்னால் இருப்பவரைத் தூக்கி எறிகிற வண்டிகளில் குனிந்து பார்த்தால் பெரும்பாலும் ரப்பர் தெரியும்.

படி மாற்றிய கையோடு செயின் தளர்வையும் ஹெட்லைட்டையும் பாருங்கள். பின்பக்கம் உயர்ந்தால் வெளிச்சம் தரையில் விழும். இறங்கினால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். செயின் தளர்வை ஆள் உட்கார்ந்த நிலையிலும் ஒருமுறை சோதியுங்கள். சுமையோடு செயின் விறைத்துக்கொண்டால் ஸ்பிராக்கெட்டும் பேரிங்கும் அடி வாங்கும்.

ஃபோர்க் ஆயில்: மறந்துபோகிற ஆயில்

என்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட ஃபோர்க் ஆயிலைச் சீல் ஒழுகும் வரை நினைப்பதில்லை. அது கருத்து, நாறி, மெலிந்துபோயிருக்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலைகுப்புற விழுவதும், வேகத்தடை தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஆடி நிற்பதும் அதன் அடையாளம். கையேடு சொல்லும் இடைவெளி, அல்லது 20,000 கி.மீ., இதில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுவது நல்லது. வாய்க்காலில் முன் சக்கரம் மூழ்க இறங்கும் வண்டி என்றால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வாங்க வேண்டியவை: கையேட்டில் சொன்ன கனத்தில் ஃபோர்க் ஆயில், இரண்டு ஆயில் சீல், இரண்டு தூசி சீல், அடி போல்ட்டுக்குச் செம்பு வாஷர் இரண்டு. ஆயில் கம்யூட்டருக்குப் பெரும்பாலும் 10 டபிள்யூ. கூடவே ஓர் அளவுக் குடுவையும், மருந்துக்கடையில் 50 மி.லி. சிரிஞ்சும் சலைன் குழாயும். சிரிஞ்ச் எதற்கு என்பது பின்னால் வரும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜின் அடியில் மரக்கட்டை கொடுங்கள். சக்கரம், மட்கார்டு, டிஸ்க் காலிப்பர் எல்லாம் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. அடுத்த இரண்டு செயலின் வரிசையை மாற்றாதீர்கள். முதலாவது: ஃபோர்க் கால்களை மேலும் கீழும் பிடித்திருக்கும் இரண்டு டி-யில், மேல் டி-யின் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, கீழ் டி இன்னும் பிடித்திருக்கும்போதே ஃபோர்க்கின் தலை மூடியைக் கால் சுற்று இளக்கிவிடுங்கள். ஃபோர்க் காலை வெளியே எடுத்தபிறகு அதைப் பிடிக்க இடம் கிடைக்காது. இரண்டாவது: ஃபோர்க்கை வெளியே எடுத்ததும், ஸ்பிரிங்கும் மூடியும் உள்ளே இருக்கும்போதே அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டை இளக்குங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் உள்ளே இருக்கும் டேம்பர் ராடு சுற்றாமல் நிற்கும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் போல்ட்டோடு ராடும் சுற்றிக்கொண்டே இருக்கும், நாள் முழுக்க வேலை இழுக்கும்.

மூடியைக் கழற்றும்போது துணி போட்டு, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து, முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியைத் தெறிக்கவிடும். கவிழ்த்து, பத்துப் பதினைந்து முறை அடித்து ஆயிலை வடியுங்கள். வடிந்ததைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உலோகத் தேய்மானம். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவது வீண். இரண்டு காலிலிருந்தும் வந்த அளவு வித்தியாசமாக இருந்தால், இரண்டு காலும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். கையேட்டில் உள்ள கடைசி அளவுக்குக் குறைந்திருந்தால் ஜோடியாக மாற்ற வேண்டும்.

புதுச் சீலைப் போடும்போது குழாயின் மேல் விளிம்பில் ஒரு பாலிதீன் பையை இறுக்கிச் சுற்றி, ஃபோர்க் ஆயில் தடவி அதன் மேல் சீலை இறக்குங்கள். விளிம்பு சீலின் உதட்டைக் கீறிவிட்டால் பத்தே நாளில் மறுபடியும் ஒழுகும். சீலை உட்கார வைக்க, குழாயின் மேல் நுழையும் அளவுள்ள பிவிசி பைப் துண்டு போதும். சுற்றிலும் ஒரே சீராகத் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவர் வைத்து ஒரு பக்கமாக அடிக்காதீர்கள்.

ஆயிலை ஊற்றி, மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல், ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்க வேண்டும். இங்கேதான் சிரிஞ்ச். சலைன் குழாயில் கையேட்டு அளவுக்கு ஒரு கோடு போட்டு, கோடு விளிம்பில் வரும்படி உள்ளே விட்டு உறிஞ்சுங்கள். ஆயில் வருவது நின்று காற்று வரும்போது மட்டம் மிகச் சரியாக வந்து நிற்கும். இரண்டு காலிலும் மட்டம் ஒன்றாக இருப்பது, ஊற்றிய மி.லி. ஒன்றாக இருப்பதைவிட முக்கியம். உள்ளே எவ்வளவு பழைய ஆயில் ஒட்டியிருந்தது என்பது காலுக்குக் கால் மாறும்.

ஆயிலுக்கு மேல் அடைபட்டிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் அமுக்கத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு கண்கூடாக விறைக்கும். முதல் பாதியில் மாற்றமே தெரியாது. பாலத்தில் அடியில் முட்டுகிற வண்டிக்கு இது நல்ல மருந்து. 5 மி.மீ., 5 மி.மீ. ஆகக் கூட்டுங்கள். அளவு மீறினால் அழுத்தம் தாங்காமல் சீல் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

ஆயிலைக் கனமாக்கினால் ஃபோர்க் பிரேக்கில் குனிவது மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் கம்யூட்டர் ஃபோர்க்கில் ஆயில் போக நிலையான சில துளைகளே இருக்கின்றன. ஆயில் போகும் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மெல்ல அமுங்கும் பிரேக்குக்கு இதமாக இருக்கிற கனத்த ஆயில், பாலத்தின் படியில் கல்லாகிவிடும், அடி நேராக மணிக்கட்டில் இறங்கும். எனவே இந்தச் சாலைக்கு ஒரு படிக்கு மேல் கனமாக்காதீர்கள். 10க்கும் 15க்கும் இடையே வேண்டுமென்றால் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் பாதிக்குப் பாதி கலக்கலாம். ஒரு நிறுவனத்தின் 10 டபிள்யூ இன்னொன்றின் 10 டபிள்யூவுக்குச் சமம் என்று நம்பாதீர்கள். தகவல் தாளில் 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று இருப்பதே உண்மையான கனம். மிச்சமிருக்கும் என்ஜின் ஆயிலை ஊற்றுவது எந்த வகையிலும் கூடாது.

திரும்பப் பூட்டும்போது இரண்டு காலும் மேல் டி-யிலிருந்து ஒரே உயரம் வெளியே தெரிய வேண்டும். சக்கரத்தை மாட்டி ஆக்ஸில் நட்டை முறுக்கி, அடியில் உள்ள பிடிப்பு போல்ட்டை மட்டும் தளர்வாக விடுங்கள். வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு முறை ஃபோர்க்கை அமுக்குங்கள். கால்கள் தாமாகவே நேராகும், அதன்பிறகு பிடிப்பு போல்ட்டை முறுக்குங்கள். இதை விட்டுவிட்டால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து, புது ஆயிலோடும் ஃபோர்க் இறுகியே ஓடும்.

திருகுகள் உள்ள வண்டிக்கு

ரீபவுண்டும் (நீளும் வேகத்தைப் பிடிப்பது) கம்ப்ரெஷனும் (அமுங்கும் வேகத்தைப் பிடிப்பது) தனித்தனியே திருகும் வசதி விலை கூடிய வண்டிகளில்தான். சேக் சரியான பிறகே இவற்றைத் தொட வேண்டும். முதலில், இப்போது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் மெதுவாக மூடிக்கொண்டே கிளிக்குகளை எண்ணுங்கள். அடியில் தட்டியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் உள்ளே இருக்கும் ஊசி முனை நசுங்கிவிடும். அங்கிருந்து திறந்து கையேட்டு எண்ணுக்கு வாருங்கள்.

சோதனைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கி.மீ. சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு சிறுபாலம், ஒரு வேகத்தடை, அடுக்கடுக்காய்ப் போட்ட சிறு தடைக் கோடுகள் இருந்தால் போதும். ஒரே வேகம், ஒரே சாலை, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஒன்றிரண்டு கிளிக். நோட்டில் எழுதுங்கள்.

அடுக்குக் கோடுகளில் முதலாவது சுகமாக, நான்காவது கல்மாதிரி அடித்தால் ரீபவுண்டு அதிகம். ஒவ்வொரு அடிக்கும் இறங்கும் சஸ்பென்ஷன், அடுத்தது வருவதற்குள் திரும்பி நீள முடியாமல் கீழேயே தங்கிக்கொண்டு போகிறது. இரண்டு கிளிக் திறங்கள். வேகத்தடை தாண்டியதும் சீட்டு பின்னால் உதைத்துத் தூக்கினால் ரீபவுண்டு போதவில்லை, மூடுங்கள். வேகத்தடையும் கோடும் நன்றாக இருந்து, பாலத்தின் படி மட்டும் வெட்டினால் கம்ப்ரெஷனைத் திறங்கள். பிரேக்கில் அதிகம் குனிந்தால் மூடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நிறைவேறாது. டெல்டாவில் ஓடும் வண்டிக்கு, கொஞ்சம் குனிந்தாலும் பரவாயில்லை, படியில் இதமாக இருக்கட்டும் என்பதே சரியான தேர்வு.

திருகு இல்லாத வண்டிக்கும் ஒரு சோதனை உண்டு. பின் சீட்டை முழு எடையோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் ஷாக் உயிரோடு இருக்கிறது. மறுபடி இறங்கி எழுந்து ஆடினால் உள்ளே ஆயில் இல்லை அல்லது வால்வு போய்விட்டது. அப்போது பிரிலோடைக் கூட்டினால் ஆட்டம் அதிகமாகும். மாற்றுவதாக இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். பக்கத்தில் சிறு உருளையோடு வரும் கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. ஆயில் நுரைக்காமல் இருக்கத்தான் அது. அதைத் துளைப்பதோ நெருப்பில் காட்டுவதோ ஆபத்து.

சேறும் உப்புக்காற்றும்

நடவுக் காலத்துச் சேறு ஈரமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. காய்ந்தபின்தான் அது உப்புத்தாள். வயலிலிருந்து வந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ஃபோர்க் குழாயிலும் ஷாக் ராடிலும் ஊற்றி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரைச் சீலின் மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மண்ணைச் சீலுக்கு உள்ளே தள்ளும். ரப்பர் பூட் போட்டிருந்தால் வாரம் ஒருமுறை தூக்கிக் காயவையுங்கள், உள்ளே தேங்கும் ஈரம் வெளியிலிருந்து தெரியாமல் துருவாகும். குழாயில் டீசலோ கிரீஸோ தடவும் பழக்கத்தையும் விட வேண்டும். பளபளப்பு ஒரு நாள், பிடித்துவைக்கும் தூசி பல நாள்.

சீலில் ஆயில் கசியத் தொடங்கியதும் மாற்றிவிட அவசரப்படாதீர்கள். பாதி நேரம் சீல் கிழிந்திருக்காது, அதன் உதட்டில் ஒரு மண் துகள் சிக்கியிருக்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை அரை விரல் அகலத்துக்கு வெட்டி, நுனியில் ஒரு சிறு கொக்கி வைத்து, தூசி சீலைத் தூக்கி, ஆயில் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுச் சுற்றிலும் ஒருமுறை இழுத்து வாருங்கள். கறுப்பாக மண் வரும். துடைத்து, ஃபோர்க்கை இருபது முறை அமுக்கி, மறுநாள் பாருங்கள். கசிவு நின்றால் செலவு மிச்சம். நிற்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். வழியும் ஆயில் பிரேக் பேடில் இறங்கினால் பிரேக்கே பிடிக்காது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் உப்பளப் பக்கம் நிற்கும் வண்டிகளுக்குப் பிரச்சனை துருப்புள்ளி. குழாயின் மேல் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற புள்ளி சீலையும் வெட்டும். சீல் ஓடும் பகுதிக்கு மேலே இருந்தால் கவலையில்லை. ஓடும் பகுதியில் ஒன்றிரண்டு சிறு புள்ளி என்றால் 1500 நம்பர் தண்ணீர்த் தாளை நனைத்து, குழாயைச் சுற்றிய திசையில் மட்டும் தேய்த்து மேடு தணியுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே ஆயிலுக்கு வழியாகும். புள்ளிகள் கூட்டமாக இருந்தால் குழாயை மாற்றுவது அல்லது மறுபடி குரோம் பூசிக்கொள்வதுதான் வழி. அங்கே நிறுத்தும் வண்டிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணி, பின் உலர்ந்த துணி. ஸ்விங் ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவே இணைப்புக் கை (லிங்க்) வைத்த மோனோ ஷாக் என்றால், அதன் பேரிங்குகளை வருடம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை விட்டதும் பிரித்துத் துடைத்து கிரீஸ் வைக்க வேண்டும். ஷாக்குக்குக் கீழே, சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு நேரே இருப்பதால் அதுதான் முதலில் துருப்பிடித்து இறுகும்.